ஏட்டில் ஏறாத மைலேஜ்

என் காரின் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு நீள நோட்டு கிடக்கிறது. பழுப்பு அட்டை, மடங்கிப்போன முனைகள், இரண்டு பக்கங்களில் பெட்ரோல் வாசனை. டேங்க் நிரப்பும்போதெல்லாம் தேதி, ஓடோமீட்டர் எண், எத்தனை லிட்டர் என்று மூன்று கட்டங்களில் எழுதிவைப்பேன். கணக்குத் தணிக்கை என் தொழில். ஊரார் வரவு செலவையெல்லாம் நோண்டிவிட்டுச் சொந்தக் காரைக் கவனிக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கார் ஒன்றும் பெரிதில்லை, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர், என்னிடம் வரும்போதே ஒரு கை மாறி வந்தது.

நோட்டில் நான்காவது கட்டம் ஒன்று பிறகு சேர்ந்தது. அதன் தலைப்பு 'தம்பி'.

தம்பிக்கு வண்டி என்றால் உயிர். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஒரு காரை ஓட்டுவது அவனைப் பொறுத்தவரை அளவு பார்க்காமல் வாங்கிய சட்டையை அப்படியே போட்டுக்கொண்டு திரிவது மாதிரி. ஆறு ஆண்டுகளில் என் காரில் அவன் மாட்டியவை, கழற்றியவை, ஒட்டியவை எல்லாம் அந்த நான்காவது கட்டத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கொண்டுவரும்போது அவன் சொல்லும் வாக்கியமும் ஒன்றேதான்: "அக்கா, இதை மாட்டினால் மைலேஜ் கூடும்."

கூடியதா என்று கேட்பவர்களுக்கு இதுவரை வாயால் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி நோட்டைப் பார்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வந்தது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், மெக்கானிக் தன் கருவியைச் செருகிக் கோளாறு பார்ப்பதற்கென்று ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி என்பார்கள். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயமானது. இன்று ஏறக்குறைய எந்த நாட்டுக் காரிலும் உண்டு. இந்தத் துண்டை அதில் செருகிவிட்டால் போதுமாம். நாம் ஓட்டும் விதத்தை இருநூறு கிலோமீட்டர் கவனித்துவிட்டு, எஞ்சின் கம்ப்யூட்டரைத் தானே திருத்தி, மூன்றில் ஒரு பங்கு பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்று அட்டையில் போட்டிருந்தது. செருகியதும் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று விளக்குகள் மாறி மாறி மினுக்கின. ஏதோ தீவிரமாக யோசிப்பது போலத்தான் இருந்தது.

அதற்கு முந்தைய டேங்கில் லிட்டருக்கு 15.9 கிலோமீட்டர். செருகிய பிறகு முதல் டேங்க் 16.7. இரண்டாவது 17.0. நான் வெட்கமில்லாமல் அலுவலகத்தில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாவது டேங்க் 15.6.

தணிக்கைக்காரிக்கு இங்கேதான் மூக்கு வியர்த்தது. ஏறியதற்குக் கருவி காரணம் என்றால், இறங்கியதற்கு யார் காரணம்? "நீ மிதித்து ஓட்டியிருப்பாய்" என்றான் தம்பி. அப்படியானால் முதல் இரண்டு டேங்கில் நான் மிதிக்காமல் ஓட்டியதாகத்தானே பொருள்? யோசித்துப் பார்த்தால் அது உண்மையும்கூட. புதிதாக ஒரு பொருள் காலடியில் மினுக்கிக்கொண்டிருந்தால் கால் தானாகவே மெதுவாகிவிடுகிறது. சிக்னலில் சிவப்பு விழுவதைத் தூரத்திலேயே கண்டு ஆக்ஸிலரேட்டரை விடுகிறோம். மைலேஜ் கூடுகிறது. பெயர் பிளாஸ்டிக் துண்டுக்குப் போகிறது.

சரி, ஒழுங்காகச் சோதித்துவிடலாம் என்று தம்பியோடு ஓர் ஒப்பந்தம் போட்டேன். எட்டு டேங்க். ஒவ்வொரு முறையும் அவன் வந்து கருவியைச் செருகுவான், அல்லது செருகாமல் விடுவான். எதுவானாலும் சாக்கெட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவான். எனக்குத் தெரியக்கூடாது. அவன் மட்டும் தனியாக ஒரு சீட்டில் குறித்துக்கொள்வான். நான்கு மாதம் ஓடியது. கடைசியில் சீட்டையும் நோட்டையும் மேசையில் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கருவி இருந்த நான்கு டேங்குகளின் சராசரி 16.1. இல்லாத நான்கின் சராசரி 16.2.

அந்த 0.1 வித்தியாசத்தை நான் கருவிக்கு எதிராகக் கொடியாகத் தூக்கவில்லை. ஏனென்றால் தனித்தனியாகப் பார்த்தால் அந்த எட்டு எண்களும் 15.4 முதல் 16.9 வரை சிதறிக் கிடந்தன. அந்தத் துண்டைத் தவிர ஒன்றுமே மாட்டாமல், ஒன்றுமே மாற்றாமல், ஒரே கார், ஒரே ஓட்டுநர், ஏறக்குறைய ஒரே பாதை. அதற்கே பத்து சதவீத ஊசலாட்டம். 'இதை மாட்டினேன், ஐந்து சதவீதம் கூடிற்று' என்று ஒரே டேங்கை வைத்துச் சொல்பவர்களின் பேச்சு எந்த மண்ணில் நிற்கிறது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

இந்த ஊசலாட்டம் எங்கிருந்து வருகிறது என்று துருவியதில் முதல் திருடன் பெட்ரோல் பங்கில் இருக்கும் குழாய்தான். டேங்க் நிரம்பியதும் தானாக நிற்கும் என்கிறோமே, அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. கார் நிற்கும் தரை ஒரு பக்கம் சரிந்திருந்தாலும், குழாயை வேறு கோணத்தில் நுழைத்தாலும், பெட்ரோல் வேகமாக வந்து நுரைத்தாலும் அரை லிட்டர், ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆகும். எனக்கு ஒரு முறைக்கு 28 லிட்டர் பிடிக்கிறது. அதில் ஒரு லிட்டர் பிசகினால் மூன்றரை சதவீதம் போயிற்று. அடுத்தது வெயில். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் பெட்ரோல் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது. பத்து டிகிரி வித்தியாசத்தில் நிரப்பினால் அதே லிட்டரில் ஒரு சதவீதம் சரக்கு குறைவு. ஏ.சி., மழை, எதிர்க்காற்று, நெரிசல் என்று மற்றவை இருக்கவே இருக்கின்றன. அதிலிருந்து நான் ஒரே பங்கில், ஒரே குழாயில், முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்திவிடுவேன். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்கும் பையன் என்னை இப்போது கேட்பதில்லை.

டேஷ்போர்டிலேயே சராசரி மைலேஜ் காட்டுகிறதே என்பார்கள். காட்டுகிறது. என் காரில் அது நோட்டைவிட எப்போதும் ஐந்து சதவீதம் தாராளமாகக் காட்டுகிறது. புகழ்ந்து பேசும் உறவினர் மாதிரி. கேட்க நன்றாக இருக்கும், கணக்கில் சேர்க்க முடியாது.

சோதனை முடிந்த அன்று இரவே அந்தத் துண்டைப் பிரித்துப் பார்த்தோம். ஆணி எதுவும் இல்லை. கத்தி முனையை விளிம்பில் கொடுத்து நெம்பியதும் இரண்டாகப் பிளந்தது. உள்ளே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை. மூன்று விளக்குகள், ஒரு பொத்தான், நான்கைந்து மிளகு அளவுச் சில்லறைகள், எட்டுக் கால்களோடு ஒரே ஒரு சிப். செருகும் பக்கத்தில் பதினாறு ஊசிகளுக்கான இடம். தம்பி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினான். பேட்டரி மின்சாரம் வரும் 16ஆம் ஊசியிலிருந்து ஒரு செம்புக் கோடு போயிற்று. எர்த்துக்கு ஒரு கோடு. என் காரில் எஞ்சின் கம்ப்யூட்டரோடு பேசும் கம்பிகள் 6, 14 என்ற இரண்டு ஊசிகளில் வருகின்றன. பலகையில் அந்த இரண்டு இடங்களிலிருந்தும் கோடே கிளம்பவில்லை. ஈயம்கூட வைக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திருத்துவதாகச் சொன்ன பொருளுக்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது. மூன்று விளக்குகளை மினுக்க மட்டும் தெரியும். அதையும் கார் நின்றிருக்கும்போது என் பேட்டரியைக் குடித்துத்தான் செய்துகொண்டிருந்தது.

தம்பி டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. என்ன விலைக்கு வாங்கினான் என்று நான் கேட்கவும் இல்லை.

அவனுடைய அடுத்த ஆர்வம் காந்தம். பெட்ரோல் குழாயின் மேல் இரண்டு காந்தங்களை எதிரெதிராகக் கட்டிவிட்டால் எரிபொருளின் மூலக்கூறுகள் வரிசையாக நின்று நன்றாக எரியுமாம். பெட்ரோல் காந்தத்துக்கு மசியும் பொருளே இல்லை. அதன் மூலக்கூறுகளைப் பிடித்து வரிசையில் நிறுத்துமளவு எந்தக் காந்தத்துக்கும் அதில் பிடி கிடையாது. அது கிடக்கட்டும். 'நன்றாக எரிய வைக்கிறேன்' என்ற பேச்சிலேயே ஓட்டை இருக்கிறது. இன்றைய எஞ்சினுக்குள் போகும் பெட்ரோல் ஏறக்குறைய முழுவதும் எரிந்துவிடுகிறது. எரியாமல் மிஞ்சுவது ஒரு சில சதவீதம்தான். ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற விகிதத்தைப் புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் ஓயாமல் மோந்து பார்த்துச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. அந்தச் சென்சார் வால்வோ கார்களில் 1976இலேயே வந்துவிட்டது. நாம் வெளியிலிருந்து காற்றையோ ஆவியையோ கூட்டிக் கொடுத்தால், கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொண்டு பெட்ரோலை அதற்கேற்ப மாற்றி மறுபடி பழைய விகிதத்துக்கே இழுத்துவிடும்.

அப்படியானால் பெட்ரோல் எங்கேதான் போகிறது? வெப்பமாகப் போகிறது. எரிந்த பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, நகரத்துக்குள் அதற்கும் மேல், ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியேறுகிறது. குழாயில் எதைக் கட்டினாலும் அதைத் தடுக்க முடியாது.

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து எஞ்சினுக்குக் கொடுக்கும் ஜாடி ஒன்றையும் தம்பி கண்வைத்திருந்தான். அதை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டேன். ஒரு காகிதம் போதுமாக இருந்தது. பெட்ரோலின் ஆற்றலை 100 பங்கு என்று வை. எஞ்சின் சுழற்சியாக மாற்றிக் கொடுப்பது 30. அதை ஆல்டர்னேட்டர் மின்சாரமாக்கினால் 18. அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் வாயுவில் தங்குவது 11. அந்த வாயுவை மறுபடி எஞ்சினில் எரித்தால் சக்கரத்துக்கு வருவது 3. முப்பதைக் கொடுத்து மூன்றை வாங்கும் வியாபாரம். "இதில் யாருக்கு லாபம்?" என்று கேட்டேன். "ஜாடி விற்பவனுக்கு" என்றான். நல்ல பிள்ளை, சொன்னால் புரிந்துகொள்வான். தண்ணீரிலேயே கார் ஓட்டுவதாகச் சொன்ன ஸ்டான்லி மேயரை அமெரிக்காவின் ஒஹையோ நீதிமன்றம் 1996இல் மோசடிக்காரர் என்று தீர்ப்பளித்து, முதலீடு செய்தவர்களின் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னதையும் அவனுக்குச் சொன்னேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970களிலிருந்து இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. கணிசமான மிச்சம் தந்தது என்று சொல்ல ஒன்றும் தேறவில்லை. மிகச் சிலவற்றில் மட்டும் துளி முன்னேற்றம். அவற்றிலும் சில புகையைக் கெடுத்துத்தான் அதைச் சாதித்தன.

ஏர் ஃபில்டர் கதை சுருக்கமானது. காற்றை அதிகமாக விடும் ஃபில்டர் போட்டால் எஞ்சின் 'சுலபமாக மூச்சு விடும்' என்றான். கார்புரேட்டர் காலத்தில் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருந்தது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் அடைத்துப்போன ஃபில்டர்களை வேண்டுமென்றே மாட்டிச் சோதித்தது. ஊசி வழியாகப் பெட்ரோல் செலுத்தும் இன்றைய எஞ்சின்களில் அடைத்த ஃபில்டராலேயே மைலேஜ் குறையவில்லை; இழுவை மட்டும்தான் மந்தமானது. பழைய கார்புரேட்டர் காரில் சில சதவீதம் குறைந்தது. அழுக்கு ஃபில்டரே மைலேஜைக் கெடுக்காதபோது அதிசய ஃபில்டர் எதைக் கூட்டப்போகிறது? இதில் கூத்து, எண்ணெய் தடவிய அந்தப் புது ஃபில்டரிலிருந்து எண்ணெய் கசிந்து காற்றை அளக்கும் சென்சாரில் படிந்துவிட்டது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மெக்கானிக் சென்சாரைக் கழுவிவிட்டு, "அம்மா, பழைய ஃபில்டர் வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள்" என்று மட்டும் சொன்னார். அவர் அதிகம் பேசமாட்டார்.

இனி அலாய் வீல். இதில் நான் தம்பியைத் திட்டியது தவறு என்று பிறகு தெரிந்தது; அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

காரோடு வந்த டயர் 175/65 ஆர் 14. அதை எடுத்துவிட்டு அகலமும் ரிம்மும் கூடிய 185/60 ஆர் 15 போட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நோட்டில் சரிவு தெரிந்தது. ஆறு டேங்க் சராசரி, முன்பு 16.2, மாற்றிய பிறகு 15.2. ஆறு சதவீத இறக்கம். பட்டையான டயர், கனமான ரிம், இரண்டும் சேர்ந்து என் பெட்ரோலைத் தின்கின்றன என்று அவனைப் பிடித்துக்கொண்டேன். அவன் பாவம், முதல் முறையாகப் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டான்.

ஒரு நாள் நெடுஞ்சாலையில் சும்மா கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டு போனேன். ஐம்பது கற்கள் கடந்தபோது ஓடோமீட்டர் 48.4 காட்டியது. காரை ஓரம்கட்டி நிறுத்திக் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். கார் தூரத்தை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி, தனக்குத் தெரிந்த பழைய டயரின் சுற்றளவால் பெருக்குகிறது. பழைய டயரின் விட்டம் 583 மில்லிமீட்டர். புதியது 603. ஒவ்வொரு சுற்றுக்கும் கார் 3.4 சதவீதம் கூடுதலாக ஓடிவிடுகிறது. அது ஓடோமீட்டருக்குத் தெரியாது. ஆக 15.2 என்று நான் எழுதியதெல்லாம் உண்மையில் 15.7. ஆறு சதவீதம் என்று கூச்சல் போட்டதில் பாதிக்கு மேல் என் அளவுகோலின் குற்றம். மிச்சம் மூன்று சதவீதம் டயருடையதும் ரிம்முடையதும்.

எல்லாத் தணிக்கையிலும் முதலில் தராசைச் சோதிக்க வேண்டும் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சிறிய விட்டத்தில் டயர் போட்டவருக்கு ஓடோமீட்டர் ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டும். மைலேஜ் கூடிவிட்டது என்று அவர் மகிழ்ந்துபோவார். டயர் தேயத் தேயவும் இதே மாயம் சிறிய அளவில் நடக்கிறது. புது டயர் போட்டதும் 'மைலேஜ் விழுந்துவிட்டது' என்று புலம்புபவர்களின் புலம்பலில் ஒரு பங்கு இதுதான். இன்னொரு பங்கு உண்மை: தேய்ந்த டயர் நிஜமாகவே இலகுவாக உருளும், புது டயரின் ஆழமான ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி எழுந்து கொஞ்சம் ஆற்றலைத் தின்னும்.

டயரைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். எதிர் வழியில் போனால் டயர் உண்மையாகவே உதவும். உருளும் தடையைக் குறைக்கவென்றே செய்த டயர்கள் வருகின்றன. உருளும் தடை பத்து சதவீதம் குறைந்தால் மைலேஜ் ஒன்று முதல் இரண்டு சதவீதம் கூடும் என்று அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு வாரியம் 2006இல் கணித்தது. என் நோட்டில் தெரியாத அளவு சிறியது, ஆனால் நிஜம். டயர் எப்படியும் மாற்றவேண்டிய நாளில் அதைப் பார்த்து வாங்கலாம், அதற்காகவே நல்ல டயரைக் கழற்றி எறிவதில் கணக்கு வராது. காற்று குறைந்திருந்தால் வேறு எதையும் பேசிப் பயனில்லை. நான் மாதம் இருமுறை, வண்டி சூடாவதற்கு முன், ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுக்கு அடித்துக்கொள்கிறேன்.

எல்.இ.டி. முகப்பு விளக்கையும் மைலேஜ் என்ற பெயரில்தான் மாட்டினான். பழைய பல்புகள் இரண்டும் சேர்ந்து 110 வாட். புதியவை 50. மிச்சம் 60 வாட். ஆல்டர்னேட்டரின் விரயத்தையும் சேர்த்தால் எஞ்சினுக்கு 100 வாட் பாரம் குறையும். நெடுஞ்சாலையில் கார் ஓட எஞ்சின் தருவது பத்தாயிரம் வாட்டுக்கு மேல். இரவில் மட்டும், ஒரு சதவீதத்துக்கும் கீழே. வெளிச்சம் நன்றாக இருக்கிறது, அதற்காக வைத்துக்கொண்டேன். ஸ்டெப்னியை எடுத்துவிடச் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. 45 கிலோ குறைந்தால் ஒரு சதவீதம் மிச்சம் என்பது பொதுவான கணக்கு. ஸ்டெப்னி பதினைந்து கிலோ. ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்குக்காக நடுச்சாலையில் நிற்க நான் தயாரில்லை.

நோட்டில் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுந்து நிற்கும் ஒரே ஏற்றம் ஒரு பொருளைக் கழற்றியதால் வந்தது. கூரை மேல் கேரியர். வீடு மாறும்போது ஒரு முறை போட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் காலியாகவே கூரையில் உட்கார்ந்து ஊர் சுற்றியது. எண்பதைத் தாண்டினால் மேலே 'ஊஊ' என்று ஓர் ஊளை கேட்கும். அந்த ஊளையும் என் பெட்ரோலில்தான் பாடுகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கழற்றிய பிறகு அதே நீண்ட பயணம், போகவும் வரவுமாக மூன்று முறை: முன்பு 17.2, பின்பு 18.4. ஏழு சதவீதம். ஊசலாட்டத்தையெல்லாம் கழித்த பிறகும் நிற்கிற எண்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, தடையோ ஒன்றரை மடங்குக்கும் மேல். அதைத் தள்ள எஞ்சின் தரவேண்டிய சக்தி ஏறக்குறைய இரட்டிப்பு. கூரையில் முழுப் பெட்டியே வைத்தால் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை, இன்னும் வேகமான சாலைகளில் 25 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் வழிகாட்டி சொல்கிறது. நகரத்துக்குள் பாதிப்பு குறைவு. அங்கே காற்றைவிடப் பிரேக்குதான் பெரிய எதிரி. தம்பி பின்னால் ஒட்டிய ஸ்பாய்லரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. வண்டியைத் தரையோடு அழுத்துவது பந்தயக் காருக்கு வேலை. காய்கறி வாங்கப் போகும் காருக்கு அது கைப்பிடி.

மாற்றங்களால் மைலேஜைக் கூட்டவே முடியாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1939இல் அமெரிக்காவில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்து ஊழியர்கள் யார் கார் அதிகம் ஓடும் என்று தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். வென்றவருக்கு லிட்டருக்குச் சுமார் 21 கிலோமீட்டர் கிடைத்தது. அந்தப் பந்தயம் போட்டியாக வளர்ந்து, 1973இல் ஒரு 1959ஆம் ஆண்டு ஓப்பல் கார் ஒரு கேலனுக்கு 376.59 மைல் ஓடியது. நம் கணக்கில் லிட்டருக்கு 160 கிலோமீட்டர். காந்தமும் இல்லை, ஜாடியும் இல்லை. உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்து எலும்புக்கூடாக்கினார்கள். பின் சக்கரங்களை நெருக்கிவைத்துச் சங்கிலியால் இயக்கினார்கள். டயரில் கல் போலக் காற்று அடைத்து, ஊர்ந்துகொண்டே போனார்கள். எடை, உருளும் தடை, வேகம். தம்பிக்கு அதன் படத்தைக் காட்டினேன். "இதில் அம்மாவை எப்படி உட்கார வைப்பது?" என்றான்.

சாதாரணக் காரில் பலன் தரும் வேலைகளும் சில உண்டு. டர்போ டீசல் எஞ்சினின் கம்ப்யூட்டரைத் தெரிந்தவர் கையால் திருத்தினால் தாழ்ந்த சுழற்சியிலேயே இழுவை கூடும். மேல் கியரில் நிதானமாக ஓட்டுபவருக்கு அதில் கொஞ்சம் மிச்சம் வரலாம். கூடிய இழுவையை அனுபவிக்க ஆரம்பித்தால் மிச்சமும் போய்விடும், உத்தரவாதம் போவது வேறு கதை. என் மாதிரி டர்போ இல்லாத பெட்ரோல் காரில் அதனால் பெரிதாக ஒன்றும் வராது. உறைபனி நாடுகளில் இரவில் எஞ்சினைச் சூடாக வைக்கும் ஹீட்டர் மாட்டுகிறார்கள். குளிர்ந்த எஞ்சின் குடிப்பதைப் பார்த்தால் அது நியாயம். ரேடியேட்டர் முன் கிரில்லின் ஒரு பகுதியை மூடுவதும், காரின் அடிவயிற்றைத் தட்டையாக்குவதும் காற்றுத் தடையைக் குறைக்கும். கார் நிறுவனங்களே இப்போது தானாக மூடித் திறக்கும் கிரில்லை வைக்கின்றன. கையால் மூடினால் எஞ்சின் வெப்பத்தின் மேல் ஒரு கண் வேண்டும்.

ஒரு பொருளை மட்டும் நானே கேட்டு வாங்கினேன். அதே ஓபிடி சாக்கெட்டில் செருகுவதுதான். ஆனால் இதற்குக் காது உண்டு. எதையும் திருத்தாது. அந்த நொடியில் எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்பதை ஒரு சிறு திரையில் காட்டும். முதல் வாரம் அதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. பச்சை விழுந்ததும் நான் கிளம்பும் வேகத்தில் எண் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று விழும். முன்னால் சிவப்பு தெரிந்தும் மிதித்துக்கொண்டே போய்ப் பிரேக் பிடித்தால், சற்று முன் வாங்கிய வேகமெல்லாம் பிரேக் தட்டில் சூடாகிக் கரைவது கண்ணுக்குத் தெரிகிறது. கியரிலேயே வைத்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோலே போவதில்லை. திரையில் மூன்று கோடுகள் மட்டும். கிளட்சை மிதித்துக்கொண்டு உருள்வதுதான் சிக்கனம் என்று இருபது வருடம் நம்பியிருந்தேன். அடுத்த பத்து டேங்குகளின் சராசரி 17.3.

இதை தம்பியின் கட்டத்தில் எழுதுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் இன்னும் தகராறு. சாக்கெட்டில் செருகும் யோசனையே தன்னுடையது என்கிறான்.

போன மாதம் அவன் ஒரு நெளி பிளாஸ்டிக் தகடும் ஒரு கைப்பிடி போல்ட்டும் கொண்டுவந்தான். முன் பம்பரிலிருந்து எஞ்சினுக்கு அடிவரை தட்டையாக மூடப்போகிறானாம். இந்த முறை அவனே விதிமுறையும் சொன்னான்: தகடு இல்லாமல் மூன்று டேங்க், தகட்டோடு மூன்று, மறுபடி கழற்றிவிட்டு மூன்று. நெடுஞ்சாலைப் பயணம் மட்டும் கணக்கு. ஓடோமீட்டருக்கு 3.4 சதவீதம் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தகடு இல்லாத மூன்று முடிந்துவிட்டன: 17.6, 17.9, 17.5. தகட்டோடு முதல் டேங்க் 18.3. இரண்டாவதில் பாதி வழியில் பேய்மழை பிடித்துக்கொண்டது. சக்கரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக, வைப்பர் ஓயாமல் அடிக்க, அறுபதுக்கு மேல் போக முடியவில்லை. 16.4. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பேனாவை நீட்டினான். அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் 'மழை' என்று எழுதினேன். இரண்டாவது டேங்கை மறுபடி தொடங்க வேண்டும்.